எல்லாருக்கும் ஒரே இன்ஜின்: கோவை கரிவரதன்

ஜனவரி பிறந்தால் நாடு முழுக்க உள்ள இன்ஜினியரிங் காலேஜ் டீம்கள், ராத்திரி பகலா வெல்டு பண்ணின ஒத்தை சீட் காரைத் தார்ப்பாய் போட்டு மூடி, கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துக்கு லாரி ஏற்றுவார்கள். ஃபார்முலா பாரத் போட்டி. உங்க ஃப்ரெண்ட் யாராவது அந்த டீமில் இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும், செமஸ்டர் முழுக்க அந்த ஆள் ஒர்க்ஷாப்பில்தான் குடியிருப்பான். போட்டி நடக்கிற டிராக்கின் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தக் "கரி" யார்னு யாரும் பெரிசா கேட்பதில்லை. நான் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதலில் பெயரைச் சரி செய்துவிடுவோம். அடுப்புக் கரி இல்லை. பழைய தமிழில் கரி என்றால் யானை. யானைக்கு வரம் தந்த பெருமாள் கரிவரதன். கொங்கு நாட்டுப் பக்கம் கரிவரதராஜப் பெருமாள் கோயில்கள் உண்டு. எஸ். கரிவரதனை ரேஸ் உலகத்தில் எல்லாரும் சுருக்கமாக "கரி" என்றே கூப்பிட்டார்கள். யானைப் பெயர் வைத்த மனுஷன், வாழ்க்கை முழுக்க எடை குறைந்த காரின் பின்னால் அலைந்தார் என்பது தனி வேடிக்கை.

அவர் 1954-இல் பிறந்தார். லட்சுமி மில்ஸ் குடும்பம். ஜி. குப்புசாமி நாயுடு 1910-இல் தொடங்கிய அந்த மில்லின் பெயரில் இன்றைக்கும் அவிநாசி ரோட்டில் பஸ் ஸ்டாப் இருக்கிறது. அதே குழுமம் 1962-இல் நூற்பாலை மெஷின் செய்ய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியது. ஆக, வசதிக்குக் குறைவில்லாத வீடு. அதை மறைத்து, ஏழைப் பையன் ஜெயித்த கதையாக இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கார் ரேஸ் என்பது காசு தின்னும் விளையாட்டு. அதில் காசு இருந்த ஒருவர் அந்தக் காசை வைத்து என்ன செய்தார் என்பதுதான் இங்கே கதை.

கோயம்புத்தூர் எப்படிப்பட்ட ஊர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கணும். நம்ம பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர் என்றால் தோல். சந்தில் திரும்பினால் தோல் மண்டி, ஷூ அப்பர் தைக்கிற யூனிட். அங்கே அதே மாதிரி சந்துக்குச் சந்து லேத் பட்டறை, ஃபவுண்டரி, பம்ப் கம்பெனி. இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார்களில் ஒன்று 1937-இல் அங்கேதான் உருவானது, ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்தது. வெளியூரிலிருந்து ஒரு மெஷின் வந்தால் அதைப் பிரித்துப் பார்த்து, ஒன்று நாமே செய்தால் என்ன என்று யோசிக்கிற புத்தி அந்த ஊர்த் தண்ணியிலேயே கலந்திருக்கு. கரிவரதன் அந்தத் தண்ணி குடித்து வளர்ந்தவர்.

இப்போ அவர் காலத்து ரோட்டைக் கற்பனை பண்ணுங்க. நாம எல்லாம் பிறப்பதற்கு முன்னால். அம்பாசடர், ஃபியட் என்று எல்லாரும் சொன்ன பிரீமியர் பத்மினி, மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. கார் என்றால் கிட்டத்தட்ட இந்த மூன்றுதான். ஸ்கூட்டர் புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். வெளிநாட்டுப் பொருள் வாங்க லைசென்ஸ், அந்நியச் செலாவணி அனுமதி, அதற்கு மேல் தலை சுற்ற வைக்கும் சுங்க வரி. குடும்பக் காருக்கே இந்தப் பாடு என்றால், ரேஸ் கார் வாங்க அனுமதி கேட்டுப் போய் நிற்பவனை அதிகாரி எப்படிப் பார்த்திருப்பார் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஆனாலும் ரேஸ் நடந்தது. மெட்ராஸுக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டிப் போனால் சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் போட்ட விமான ஓடுபாதை அங்கே சும்மா கிடந்தது. 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையையே ரேஸ் டிராக் ஆக்கியது. மேலிருந்து பார்த்தால் "டி" எழுத்து மாதிரி ஒரு வடிவம். விமானத்துக்காகப் போட்ட பாதை என்பதால் நீளமான நேர்கோடு, அதன் முடிவில் திடீரென ஒரு திருப்பம். பிரேக் தாங்காத கார் நேராக வயலைப் பார்த்துப் போகும். வருஷா வருஷம் சோழவரம் ரேஸுக்குக் கூட்டம் திருவிழா மாதிரி கூடும். எங்க தாத்தா தலைமுறையில் யாரைக் கேட்டாலும், தெரிந்த ஒருத்தர் சோழவரம் போய் வந்த கதை ஒன்று இருக்கும்.

அங்கே ஓடிய கார்கள் இரண்டு ஜாதி. ஒரு பக்கம் நம்ம ரோட்டுக் கார்கள். சீட்டைக் கழற்றி, பம்பரைக் கழற்றி, ஹெட்டைச் சீவி, கார்பரேட்டரை மாற்றி, என்னென்னவோ செய்து வேகம் ஏற்றிய ஹெரால்டும் ஃபியட்டும். கூடவே ஆங்காங்கே பட்டறைகளில் உருவான ஒன்றிரண்டு "ஸ்பெஷல்" கார்கள். இன்னொரு பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த நிஜமான ஒத்தை சீட் ரேஸ் கார்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் கொண்டுவந்து ஓட்டினார். ஆமாங்க, அதே மல்லையாதான். இந்த வசதி படைத்த கூட்டத்துக்கு நடுவில் கரிவரதனும் இருந்தார், வேகமான ஓட்டுநராகப் பெயர் எடுத்தவராக.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். பணக்கார வீட்டுப் பிள்ளை, வெளிநாட்டுக் கார், நாலு கோப்பை, ஹாலில் மாட்ட ஒரு போட்டோ. அப்படி நிறைய பேர் வந்து போயிருக்கிறார்கள். தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த ரேஸ்களில் ஒரு சிக்கல் இருந்தது. நாலு பேரிடம் மட்டும் நிஜமான ரேஸ் கார், அந்த நாலும் நாலு விதம் என்றால் பந்தயத்தில் என்ன தெரியும்? யாருடைய கார் பெரியது என்று தெரியும். யார் நல்லா ஓட்டுகிறார் என்று தெரியாது. ஒரு பாகம் உடைந்தால் கப்பலில் வர மாதக்கணக்கில் காத்திருக்கணும். புதுசா ஒரு பையன் ஓட்ட வரணும் என்றால் அவனுக்கு வழியே கிடையாது. பத்தாவது காரும் பதினைந்தாவது காரும் இல்லாத விளையாட்டு, விளையாட்டாக நிலைக்காது.

இதே சிக்கல் இங்கிலாந்திலும் இருந்தது, போர் முடிந்த கையோடு. அங்கே அதை எப்படித் தீர்த்தார்கள் என்பதை ஒரு சின்ன சுற்று சுற்றிவிட்டு வருவோம், ஏனென்றால் கரிவரதன் செய்தது அதன் தம்பி முறை. 1946. லண்டன் பக்கம் சர்பிட்டன் என்ற ஊரில் சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்று அப்பாவும் பிள்ளையும் கராஜ் வைத்திருந்தார்கள். பெட்ரோலுக்கு ரேஷன், இரும்புக்குத் தட்டுப்பாடு. ஃபியட் டோப்போலினோ என்ற குட்டிக் காரின் முன்பாதி இரண்டை எடுத்து, முதுகோடு முதுகு சேர்த்து ஒட்டினார்கள். முன்னாலும் பின்னாலும் ஒரே சஸ்பென்ஷன். இன்ஜினுக்கு 500 சி.சி. மோட்டார் சைக்கிள் இன்ஜின். பைக் இன்ஜின் செயினில் ஓடும் என்பதால் அதை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பதுதான் சுலபம், வைத்தார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, வேறு வழியில்லை, அவ்வளவுதான். அந்த மலிவான காரில்தான் ஸ்டிர்லிங் மாஸ் மாதிரி ஆட்கள் ரேஸ் பழகினார்கள். 1959-லும் 1960-லும் கூப்பர் டீமின் பின்-இன்ஜின் காரில் ஜாக் பிரபாம் உலக சாம்பியன் ஆனார். அதற்குள் மற்ற டீம்களும் இன்ஜினைப் பின்னால் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு டி.வி.யில் நீங்க பார்க்கிற எல்லா ஃபார்முலா ஒன் காரும் அந்தச் செயின் பிரச்னையின் பேரப்பிள்ளை.

1967-இல் இன்னொரு படி. ஃபார்முலா ஃபோர்டு. எல்லாருக்கும் ஃபோர்டு கார்ட்டினா என்ற குடும்பக் காரின் இன்ஜின்தான். இறக்கை கிடையாது, சாதாரண டயர், காருக்கு விலை வரம்பு. இன்ஜின் ஒன்றே என்றால் மிச்சமிருப்பது ஓட்டுநரின் கையும் காலும். எமர்சன் ஃபிட்டிபால்டி, ஜேம்ஸ் ஹன்ட், அயர்டன் சென்னா எல்லாரும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

நம்ம ஊருக்கு இந்தப் பள்ளிக்கூடம் வர என்ன தடை? இன்ஜின். அம்பாசடர் இன்ஜின் கனமான வார்ப்பிரும்பு, 1950-களின் சரக்கு. ஃபியட் இன்ஜினும் அதே வயசு. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி டெல்லியில் முதல் மாருதி 800 கார்களின் சாவி கைமாறியது. குடும்பங்களுக்கு அது முதல் கார். கோயம்புத்தூரில் ஒருத்தர் பானெட்டைத் திறந்து பார்த்தபோது அது வேறொன்றாகத் தெரிந்திருக்கணும். 796 சி.சி., மூன்று சிலிண்டர், கையடக்கமான சைஸ், குறைந்த எடை, நம்பகமான ஜப்பானிய வடிவமைப்பு. சுமார் 39 ஹெச்.பி. மிக முக்கியமாக, ஸ்பேர் பார்ட்ஸ் ஊர் ஊருக்குக் கிடைக்கும். ராத்திரி ஹெட் கேஸ்கட் போனால் காலையில் கடையில் வாங்கி மாட்டலாம்.

39 ஹெச்.பி.யில் என்ன ரேஸ் என்று சிரிக்கிறீங்களா? கணக்கைப் பாருங்க. மாருதி 800 சுமார் 650 கிலோ. ஓட்டுபவரைச் சேர்த்தால் 720 என்று வைங்க. ஒரு டன்னுக்கு 54 ஹெச்.பி. இப்போ கதவு, கூரை, கண்ணாடி, பின் சீட்டு, டிக்கி எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, இரும்புக் குழாயில் ஒரு கூடு கட்டி, நாலு சக்கரத்தை வெளியே நீட்டி, ஆளோடு சேர்த்து 470 கிலோவில் ஒரு கார் செய்ய முடிந்தால்? அதே இன்ஜின், டன்னுக்கு 83 ஹெச்.பி. இன்ஜினில் கை வைக்காமலேயே பாதிக்கு மேல் லாபம். 470 என்பது நான் கணக்குக்காக எடுத்த எண்தான், உங்க டீம் காரின் எடையைப் போட்டும் பார்க்கலாம். அதோடு எடை குறைந்தால் பிரேக் குறைந்த தூரத்தில் நிற்கும், திருப்பத்தில் டயர் குறைவாகக் கஷ்டப்படும். சைஸ் குறைந்தால் காற்றை முட்டும் பரப்பும் குறையும். ஓட்டுநரின் பின்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். 80 கி.மீ. வேகமே அங்கே உட்கார்ந்தால் வேறு மாதிரி இருக்கும்.

1988 வாக்கில் அந்தக் கார் வந்தது. சூப்பர் ஸ்பீட்ஸ் என்ற தன் நிறுவனத்தின் பெயரில் கரிவரதன் கோயம்புத்தூரில் வடிவமைத்துக் கட்டிய, மாருதி இன்ஜின் வைத்த ஒத்தை சீட் கார். அந்தப் பந்தய வகைக்கு ஃபார்முலா மாருதி என்றே பெயர் நிலைத்தது.

மாருதி மாதிரி முன்சக்கர டிரைவ் காரில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றும் ஒரே மூட்டையாக முன்னால் இருக்கும். அந்த மாதிரி மூட்டையை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தால், பின்சக்கர டிரைவ் கார் வந்துவிடும். நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் வேண்டாம். கூப்பர் வீட்டுத் தந்திரம்தான். கரிவரதனின் காரிலும் இன்ஜின் பின்னால்தான். சேசிஸ் குழாய்களை வெல்டு செய்து உருவாக்கிய ஸ்பேஸ் ஃபிரேம். நாம ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் போடுகிற டிரஸ் கணக்குதான் அது: சதுரம் வளையும், மூலைவிட்டம் ஒன்று போட்டு முக்கோணம் ஆக்கினால் வளையாது. குழாய் வளைக்க, நாட்ச் எடுக்க, வெல்டு அடிக்க, அப்ரைட் கடைய, ஹப் கடைய எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் ஆள் இருந்தார்கள். நூற்பாலை மெஷினுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பார்த்துப் பழகிய கைகள்.

ஒரு கார் செய்வது பெரிய விஷயமில்லை, ஒரே மாதிரி பல கார் செய்வதுதான் விஷயம். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். செருப்புத் தைக்கத் தெரிந்த ஒருத்தர் அருமையாக ஒரு ஜோடி தைத்துவிடலாம். ஆனால் எட்டாம் நம்பர் ஷூ ஆயிரமும் எட்டாம் நம்பராகவே வரணும் என்றால் லாஸ்ட் வேண்டும், டை வேண்டும், கட்டிங் முதல் பேக்கிங் வரை ஒழுங்கு வேண்டும். ரேஸ் காருக்கு அந்த இடத்தில் ஜிக். குழாய்களை இந்தக் கோணத்தில் பிடித்து வைத்துத்தான் வெல்டு செய்யணும், வெல்டு சூட்டில் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளக் கூடாது. இழுத்துக்கொண்டால் ஒரு கார் நேராகப் போகும், இன்னொன்று இடது பக்கம் சாயும். சாய்கிற கார் கிடைத்த பையன் தோற்றால் அது அவன் தோல்வி இல்லையே.

இங்கேதான் கரிவரதன் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறார். அவர் தனக்கு ஒரு வேகமான கார் செய்துகொள்ளவில்லை. தன்னையே ஜெயிக்கக்கூடிய கார்களை அடுத்தவர்களுக்குச் செய்தார். ஒரு ரேஸ் டீம் என்று நாம நினைப்பது, ரகசியங்களைப் பூட்டி வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் தோற்கடிக்கிற கூட்டம். சூப்பர் ஸ்பீட்ஸ் கார்களைப் பந்தயத்தில் இறக்கிய டீமாகவும் இருந்தது, பந்தயத்துக்கே கார் தருகிற பட்டறையாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே ஆள் செய்வதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்யும். கார் செய்பவரே போட்டியிலும் இருந்தால், நல்ல இன்ஜின் யாருக்குப் போகும்னு யாராவது கேட்பார்கள்தானே? ஆனால் அன்றைய நிலைமையில் வேறு யாரும் அந்த வேலையை எடுத்துச் செய்யவில்லை. அவர் செய்யாவிட்டால் கேள்வி கேட்கவும் ஒரு ரேஸ் இருந்திருக்காது.

நேரமும் கூடி வந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சொந்த டிராக் திறந்தது. ரேஸுக்கென்றே கட்டியது, சுமார் 3.7 கி.மீ. நீளம். நாம கலவையிலிருந்து ஆற்காடு போய், ஹைவே பிடித்து, ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் அந்த இடம்தான். ஹூண்டாய் கம்பெனி வரும் முன்னாலேயே அந்தப் பொட்டல் காட்டில் இன்ஜின் சத்தம் கேட்டது. சோழவரத்தின் ஓடுபாதைக்குப் பதில் வளைவும் நெளிவுமாக ஒரு டிராக், அதில் ஓட ஒரே மாதிரி சின்ன ஒத்தை சீட் கார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடமும் வந்தது, பாடப்புத்தகமும் வந்தது.

1992-இல் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு கோயம்புத்தூரிலிருந்து 15 வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். அவன் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பலமுறை ஜெயித்தவர். பையன் பெயர் நரேன். முதல் ரேஸ், ஸ்ரீபெரும்புதூர் டிராக், ஃபார்முலா மாருதி கார். முதல் ரேஸிலேயே மேடை ஏறினான். அடுத்து பிரான்ஸில் எல்ஃப் வின்ஃபீல்டு ரேஸிங் ஸ்கூல். திரும்பி வந்து 1993-இல் மறுபடி ஃபார்முலா மாருதி. அதே வருஷம் இங்கிலாந்துக்கும் போனான். 1994-இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் சாம்பியன். ஐரோப்பாவில் அப்படி ஒரு பட்டம் ஜெயித்த முதல் இந்தியன். மாருதி இன்ஜினில் கற்றதும் ஃபோர்டு இன்ஜினில் ஜெயித்ததும் ஒரே பாடம்தான் என்பதைக் கவனிச்சீங்களா? கார் எல்லாருக்கும் ஒன்று, மிச்சத்தை நீ பார்த்துக்கொள்.

இந்தச் செய்தி வந்தபோது கரிவரதன் இருந்தார். அதற்குப் பிறகு வந்த எதற்கும் அவர் இல்லை.

1995 ஆகஸ்டில், வானூர்தி விபத்து ஒன்றில் அவர் இறந்துபோனார். வயது 41. ரேஸ் டிராக்கில் இத்தனை வருஷம் ஓட்டியவரை ஆகாயம் எடுத்துக்கொண்டது. 41 என்பது ஓட்டுநருக்குப் பெரிய வயசு, டிசைனருக்கு அது தொடங்குகிற வயசு. கூப்பர் கார் முதல் உலகப் பட்டம் வாங்கியபோது ஜான் கூப்பருக்கு 36. அவருக்கு அதற்குப் பின்னாலும் மினி கூப்பர் மாதிரி எத்தனையோ செய்ய வாழ்க்கை மிச்சம் இருந்தது. 1995 இந்தியா எப்படிப்பட்ட இடத்தில் நின்றது என்பதையும் யோசிங்க. 1991-க்குப் பிறகு கதவு திறந்துகொண்டிருந்தது. ஃபோர்டு, ஹூண்டாய் எல்லாம் சென்னைக்கு வரப்போகிற நேரம். நல்ல இன்ஜின், நல்ல அலுமினியம், வெளிநாட்டு டயர், கம்ப்யூட்டரில் டிசைன் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தபோது, ஒன்றும் இல்லாத காலத்தில் கார் செய்தவர் போய்விட்டார்.

அடுத்த வருஷமே, 1996-இல், நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். 2001-இல் ஜாகுவார் அணியின் ஃபார்முலா ஒன் காரை சில்வர்ஸ்டோனில் சோதித்து ஓட்டினார். 2005 மார்ச்சில் மெல்போர்னில், ஜோர்டன் அணிக்காக, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நின்ற முதல் இந்தியர். அந்த வருஷம் இண்டியானாபோலிஸில் நாலாவது இடம், ஐந்து பாயிண்ட். மிஷெலின் டயர் பிரச்னையால் 14 கார்கள் விலகி, ஆறே கார்கள் ஓடிய ரேஸ் என்பது உண்மை. ஆறில் நாலாவது வரவும் அந்த ஆறில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் உண்மை.

இங்கே ஒரு கிளைக் கதை, விட மனசில்லை. எட்டி ஜோர்டன் 1991-இல் ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்த அந்த அணி, நரேன் ஓட்டிய 2005-லேயே கை மாறிவிட்டது. 2006-இல் மிட்லண்ட் என்று பெயர் மாறியது, பிறகு ஸ்பைக்கர். 2007-இல் அதை வாங்கியது யார்? சோழவரத்தில் என்சைன் ஓட்டிய மல்லையா, டச்சுக்காரர் ஒருவருடன் கூட்டாக. ஃபோர்ஸ் இந்தியா. 2018-இல் கடனில் மூழ்கி, ரேசிங் பாயிண்ட் ஆகி, 2021-லிருந்து ஆஸ்டன் மார்ட்டின். ஒரே இடம், சில்வர்ஸ்டோன் டிராக்கின் வாசலில். கொடி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். மூவர்ணம் பூசிய அந்தக் காரை ஒரு ரேஸில்கூட இந்தியர் ஓட்டவில்லை. சோழவரத்தில் ஒரே காலத்தில் ஓடிய இரண்டு பேரில் ஒருவர் உலகத்தின் பெரிய அணியை வாங்கினார், இன்னொருவர் உள்ளூரில் சின்ன கார் செய்தார். ஓட்டுநர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று நீங்களே பாருங்க.

அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் டிராக் வந்தது 2003-இல். எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார் கட்டியது. கோ-கார்ட் ஓட்டத் தொடங்கிய சின்ன டிராக், பிறகு 2.1 கி.மீ. ஆக நீண்டது. கரிவரதன் அதில் ஒரு சுற்றுகூட ஓட்டியதில்லை, கட்டும்போது அவர் போய் எட்டு வருஷம். இன்னொரு வேடிக்கை: இன்றைக்கு ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிப்படி இன்ஜின் 710 சி.சி.க்கு மேல் இருக்கக்கூடாது. அவருடைய 796 சி.சி. மாருதி இன்ஜினைக் கொண்டுபோனால் அவர் பெயர் வைத்த டிராக்கிலேயே டெக்னிக்கல் இன்ஸ்பெக்ஷனில் நிறுத்திவிடுவார்கள்! அதனால்தான் நம்ம பசங்க கே.டி.எம். 390 பைக் இன்ஜினைத் தேடி அலைகிறார்கள். பைக் இன்ஜின், செயின் டிரைவ், ஓட்டுநருக்குப் பின்னால். 1946 சர்பிட்டன் கராஜ் மறுபடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு ஆறவில்லை. கரிவரதன் ரேஸின் விலையைக் குறைத்தார், ஆனால் குறைந்த விலையும் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத விலைதான். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து மேலே போனவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். பத்து பேர் ஓட்டியதை நூறு பேர் ஓட்டும்படி ஆக்கினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு டிராக்கில் ஸ்டீயரிங் அன்றும் கிடைக்கவில்லை, இன்றும் சுலபமில்லை. ஆனால் ஸ்டீயரிங் மட்டும்தான் ரேஸா? ஒரு காருக்கு ஓட்டுநர் ஒருவர். ஃபிரேம் அடிப்பவர், இன்ஜின் கட்டுபவர், சஸ்பென்ஷன் செட் பண்ணுபவர், டைமிங் பார்ப்பவர், டயர் பிரஷர் பார்ப்பவர் என்று அந்த ஒருவருக்குப் பின்னால் எத்தனை பேர். கார் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்தால் இத்தனை பேருக்கும் இங்கே வேலையில்லை, ரிப்பேர் பார்ப்பதைத் தவிர. கார் இங்கேயே செய்தால்தான் அந்தக் கைகள் பழகும். கோயம்புத்தூரில் அவை பழகின. அந்த வாசல் வழியாக அப்பா பெயர், பேங்க் பேலன்ஸ் இல்லாதவர்களும் உள்ளே போகலாம். டி.ஐ.ஜி. வெல்டு சுத்தமாக அடிக்கத் தெரிந்தால் போதும்.

அவர் தொடங்கிய வழக்கமும் நிற்கவில்லை. ஃபார்முலா மாருதிக்குப் பிறகு எல்.ஜி.பி. கார்கள் வந்தன. தேசிய சாம்பியன்ஷிப்பில் ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 காரின் பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது மாருதி சுசுகி ஸ்விஃப்ட் இன்ஜின். எல்லாருக்கும் அதே இன்ஜின்.